சும்மா இருக்கும் ஓர் அங்குலம்

வட்டக்கானலில் சனி, ஞாயிறு மதியங்களில் ஒரு நெடி வரும். கருகிய முடியையும் பழைய ரப்பர் செருப்பையும் ஒன்றாகப் போட்டு எரித்த மாதிரி இருக்கும். மழை ஈரத்தில் மேலே எழும்ப முடியாமல் சாலையோடு தவழ்ந்து வந்து தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு மூக்கை ஒருமுறை உறிஞ்சுவார். "யாரோ கிளட்ச்ச வறுக்குறாங்க பாப்பா" என்பார். அடுத்த கால் மணி நேரத்தில் யாராவது ஒருவர் மூச்சிரைக்க வந்து வாசலில் நிற்பார். "இங்க ஜீப் வச்சிருக்கிறவர் வீடு எதுங்க?"

எங்கள் ஊருக்கு வரும் சாலையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். கொடைக்கானல் ஏரியிலிருந்து ஆறு கிலோமீட்டர் சொச்சம்தான். ஊரின் பரபரப்பெல்லாம் முடிந்ததும் சாலை ஒடுங்கிச் சோலைக்காட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கும். ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். இறங்கும்போது ஜன்னலைத் திறந்து மஞ்சுக்குக் கை நீட்டிக்கொண்டு வருவார்கள். அது எவ்வளவு பெரிய ஏற்றம் என்பது திரும்பிப் போகும்போதுதான் தெரியும். முன்னால் போகிற வண்டி நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் கைபிரேக்கைத் தொட மாட்டார். பாதி கிளட்ச், பாதி ஆக்சிலேட்டர் என்று காரை அந்த ஏற்றத்திலேயே தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். சமவெளியில் வருஷக்கணக்கில் தாங்கக்கூடிய கிளட்ச் இங்கே ஒரே மதியத்தில் முடிந்துவிடும்.

அப்பாவின் ஜீப் மஹிந்திரா எம்எம் 540. பெஜோ டீசல் எஞ்சின், 2,112 சிசி. மூன்றாவது கையாக வாங்கியது. வாரநாட்களில் அது ஹோம்ஸ்டேக்களுக்கு கேஸ் சிலிண்டரும் அரிசி மூட்டையும் சுமக்கும். வாரக்கடைசியில் டால்பின் நோஸ் பார்க்க வந்தவர்களைச் சுமக்கும். நடுநடுவே மாட்டிக்கொண்ட வண்டிகளைக் கட்டி இழுக்கும். இழுப்பதற்கென்று அப்பா ரேட் எதுவும் வைத்திருக்கவில்லை. "குடுக்குறதக் குடுங்க" என்பார். சிலர் ஐநூறு கொடுப்பார்கள், சிலர் நூறு கொடுத்துவிட்டு போட்டோ எடுத்துக்கொண்டு போவார்கள். ஹீப்ரு எழுத்தில் போர்டு வைத்த கடைகளுக்கு வரும் இஸ்ரேல் பையன்கள் இரண்டு பேர் ஒருமுறை கட்டிப்பிடித்துவிட்டுப் போனதை அம்மா இன்னும் சொல்லிச் சிரிப்பாள்.

இந்தக் கட்டுரை அந்த ஜீப்பின் கிளட்ச் பற்றியது. அது எப்படிப் போனது, யாரால் போனது என்பது பற்றியது.

*

இழுப்பதற்கு அப்பாவிடம் நான்கு விதிகள் இருந்தன.

முதல் விதி: லோ கியர் போடாமல் கயிறு கட்டக் கூடாது. ஃபோர் வீல் ஜீப்பில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் இன்னொரு சின்னப் பெட்டி உண்டு. அதற்குத் தனி லீவர். லோவில் போட்டால் அதே எஞ்சின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு இழுக்கும், வேகம் அதே அளவு குறையும். அதே பாரத்துக்குக் கிளட்ச் படும் பாடும் இரண்டரையில் ஒரு பங்காகிவிடும். இதை அப்பா கணக்காகச் சொல்ல மாட்டார். "லோவுல போட்டா கிளட்ச்சு கும்பிடும்" என்பார்.

இரண்டாவது: இழுபடும் வண்டியில் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது. மூன்றாவது: கயிற்றுக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. அறுந்தால் சாட்டையாக வரும். நான்காவது: கூடவே ஓர் ஆள் முட்டுக்கட்டையோடு நடக்க வேண்டும். வண்டி பின்னால் வந்தால் உடனே பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையைப் போட வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அந்த ஆள் நான்தான். முட்டுக்கட்டை என்ற சொல்லைப் பேப்பர்காரர்கள் ஏன் கெட்ட அர்த்தத்தில் எழுதுகிறார்கள் என்று ரொம்ப நாள் எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த முட்டுக்கட்டை ஆளைக் காப்பாற்றுவது.

பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்த பிறகு அப்பாவின் விதிகளுக்கு நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் 1,200 கிலோ காரைத் தூக்கிப் பிடிக்க மட்டும் 200 கிலோ இழுவிசை வேண்டும். ஜீப் தன்னையும் இழுத்துக்கொண்டு போக வேண்டும். அது கிட்டத்தட்ட இன்னொரு 200. ஆகக் கயிறு கட்டிய நிமிஷத்தில் ஜீப்பின் வேலை இரண்டு மடங்காகிறது. சேற்றில் சக்கரம் புதைந்திருந்தால் அதற்கு மேலும். இதையெல்லாம் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அப்பா பார்த்துவிட்டு, "அதான் லோ போடுறது" என்றார்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து இந்தப் பக்கமாகவும் வந்தபோது மலையெங்கும் மரங்கள் சாய்ந்தன. கரண்ட் இல்லை, போன் இல்லை. அப்பாவும் ஜீப்பும் நாள்கணக்கில் சாலையில் விழுந்த மரங்களைச் சங்கிலி போட்டு ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் வைத்திருந்தவர்கள் அறுத்துக் கொடுக்க, ஜீப் இழுத்தது. ஊரில் எங்களுக்கு ஏதாவது பேர் இருக்கிறதென்றால் அது அந்த நாட்களில் வந்ததுதான்.

இந்த மலையில் அடுத்தவரை ஏற்றிவிடுவது ரொம்பப் பழைய தொழில். பட்லகுண்டிலிருந்து வரும் காட் ரோடு 1916-இல் திறந்தது. அதற்கு முன்னால் பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து துரைமார்களும் துரைசாணிகளும் குதிரையில் வந்தார்கள், இல்லாவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து ஆட்களின் தோளில் ஏறி வந்தார்கள். அந்தத் தோள்காரர்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் கிடையாது. எங்கள் ஊர் தாண்டி, டால்பின் நோஸ் தாண்டி, கீழே இருக்கும் வெள்ளகெவிக்கு நீண்ட காலம் சாலை கிடையாது. அரிசியும் பருப்பும் வட்டக்கானல் வரை வண்டியில் வந்து, அங்கிருந்து குதிரை முதுகில் இறங்கும். உடம்பு முடியாதவர்களை டோலி கட்டி மேலே தூக்கி வருவார்கள். அப்படித் தூக்கி வந்தவர்களை வட்டக்கானலில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிய ஜீப்புகளில் எங்களுடையதும் ஒன்று.

அதனால் அப்பாவுக்கு அந்த வண்டி ஓடாமல் நிற்பது என்பது வேறு விஷயம்.

*

2022 மே மாதம் லீவில் வந்தபோது அப்பா ஜீப் ஓட்டுவதைப் பக்கத்து சீட்டிலிருந்து பார்த்தேன். நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் டிசைன் வேலையில் இருந்தேன். ஆறு மாதம் கழித்துப் பார்க்கிறவளுக்குத்தான் சில மாற்றங்கள் கண்ணில் படும். கிளட்ச் பெடலை அடிவரை மிதிக்க ஒவ்வொரு முறையும் அப்பா இடுப்பை முன்னால் நகர்த்தினார். இடது முழங்கால் முழுதாக நீளவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு மிதித்தார். கொண்டை ஊசி வளைவில் நான்கு முறை கியர் மாற்ற வேண்டியிருந்தால் நான்கு முறையும்.

"கால் வலிக்குதாப்பா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல."

டாக்டரிடம் வரமாட்டார். சீட்டை முன்னால் தள்ளலாம் என்றால் அந்த ஜீப்பின் டிரைவர் சீட் துருப்பிடித்து இருக்கிற இடத்திலேயே நின்றுவிட்டது. அன்று மதியம் அவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். எம்எம் 540-இல் பெடலிலிருந்து கிளட்ச் வரை போகும் இணைப்பின் முனையில் ஒரு நட்டு இருக்கும். அதை முறுக்கினால் கிளட்ச் பெடலின் மேல்பக்கத்திலேயே பிரிய ஆரம்பிக்கும். அடிவரை மிதிக்க வேண்டியதில்லை. படித்தவள் அல்லவா, பத்து நிமிஷ வேலை. எழுந்ததும் அப்பாவைக் கூப்பிட்டு மிதிக்கச் சொன்னேன்.

மிதித்தார். இன்னொருமுறை மிதித்தார். "அட, பஞ்சு மாதிரி இருக்கே" என்றார். முகம் விரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டு, "உம் பொண்ணு கெட்டிக்காரிடி" என்றார். சின்ன வயதில் ரேங்க் கார்டு காட்டியபோதுகூட அப்பா அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் கேட்பேன். "கால் எப்படிப்பா இருக்கு?"

"இப்ப சூப்பரா இருக்கு பாப்பா."

ஒவ்வொரு வாரமும் அதே கேள்வி, அதே பதில். எனக்கு அது இனித்தது.

*

நவம்பரில் ஒரு சனிக்கிழமை ஊருக்கு வந்திருந்தேன். தூறல் விடவில்லை. ஏழு மணிக்கு எதிரே இருப்பவர் முகம் தெரியாத மஞ்சு. கீழே ஒரு ஹோம்ஸ்டேயிலிருந்து ஆள் வந்தது. கார் மண் பாதையில் இறங்கி ஏற முடியாமல் நிற்கிறது, கிளட்ச் கருகிவிட்டது, காலையில் அவர்களுக்கு மதுரையில் கல்யாணம். மேலே தார் ரோடு வரைக்கும் இழுத்துவிட்டால் போதும், வேறு வண்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

போனோம். அம்மா, அப்பா, பையன், ஒரு பாட்டி. மற்றவர்கள் இறங்கிக் குடைக்குள் நின்றார்கள். பாட்டியால் சேற்றில் நிற்க முடியாது என்றார்கள். அப்பா யோசித்தார். இரண்டாவது விதி. "சரி, பாட்டி உள்ளயே இருக்கட்டும். முப்பது அடிதானே" என்றார். அவர் விதியை மீறி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

லோ போட்டு, முதல் கியர். கயிறு விறைத்தது. கார் ஓரடி, இரண்டடி நகர்ந்தது. பாதையின் நடுவில் ஒரு மேடு. அங்கே ஜீப்பின் சத்தம் மாறியது. பாரம் ஏறினால் எஞ்சின் அடங்கி முனக வேண்டும். இது எதிர்மாறாக அலறியது. புகைபோக்கி கத்துகிறது, சக்கரம் சுற்றவில்லை. சேற்றில் சுற்றிச் சறுக்கினாலாவது சக்கரம் தெரியும். இது அசையவே இல்லை. அப்புறம் அந்த நெடி வந்தது. கீழே நின்ற காரிலிருந்து வருகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பா எனக்கு முன்னால் புரிந்துகொண்டார்.

"கட்டையப் போடு பாப்பா! கட்டை! கட்டை!"

ஜீப் பிரேக்கில் நின்றபடியே சேற்றில் பின்னோக்கி வழுக்கியது. நான் கட்டையைக் காரின் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு விலகினேன். சக்கரம் கட்டையில் ஏறப் பார்த்து, ஏறாமல் நின்றது. காருக்குப் பின்னால் எட்டடியில் தடுப்புச்சுவர் இல்லாத விளிம்பு. உள்ளே பாட்டி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை. பிறகு ஹோம்ஸ்டேயிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். பாட்டியை அதில் உட்காரவைத்து நானும் அந்தப் பையனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தார் ரோடு வரைக்கும் தூக்கிப் போனோம். பாட்டி என் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். காரை அங்கேயே கட்டை வைத்து விட்டுவிட்டோம். கயிற்றை அவிழ்த்த பிறகு, பாரமில்லாத ஜீப் லோவில் எப்படியோ ஊர்ந்து வீடு வந்தது. அப்பா காசு வாங்கவில்லை. வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை.

*

கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று இங்கே சொல்லிவிடுகிறேன். எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் கனமான இரும்புச் சக்கரம் ஒன்று உண்டு, ஃப்ளைவீல். அதன் முகத்தில் ஒட்டி நிற்கும் ஒரு தட்டு, இரண்டு பக்கமும் லைனிங் ரிவிட் அடித்தது. அதுதான் கிளட்ச் பிளேட். அது கியர்பாக்ஸ் தண்டில் கோத்திருக்கும். அதற்குப் பின்னால் பிரஷர் பிளேட், ஸ்பிரிங் பலத்தில் அந்தத் தட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும். பல் கிடையாது, கொக்கி கிடையாது. அழுத்தமும் உராய்வும்தான். பெடலை மிதிக்கும்போது ரிலீஸ் பேரிங் என்ற வளையம் முன்னே போய், பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தள்ளும். பிடி தளரும். எஞ்சின் தனியாகச் சுற்றும்.

அதாவது பெடல் இருப்பது விடுவதற்காக. நாம் காலை எடுத்த பிறகுதான் அது முழுசாகப் பிடிக்கிறது.

மறுநாள் காலை அப்பாவே சோதனை செய்து பார்த்தார். சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, மெதுவாகக் கிளட்ச்சிலிருந்து காலை எடுப்பது. நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் திணறி உடனே நின்றுவிடும். எங்கள் எஞ்சின் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூஞ்சிக்கல்லிலிருந்து மெக்கானிக் அண்ணன் வந்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர்தான். முதலில் ஆயில் சீல் என்று சந்தேகப்பட்டார். எஞ்சின் பின்பக்க சீல் ஒழுகினால் ஆயில் பிளேட்டில் பட்டு வழுக்கும். அப்படி ஆனால் லைனிங் எவ்வளவு புதுசாக இருந்தாலும் பிடிக்காது. கீழே படுத்து பெல் ஹவுசிங்கைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிறகு உள்ளே எட்டி கிளட்ச் பெடலை ஒற்றை விரலால் அழுத்தினார்.

"அண்ணே, இதுல ஃப்ரீ பிளேயே இல்லையே. யாரு இவ்வளவு டைட் வச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார். "நாந்தான் தம்பி. கால் வலிச்சுச்சு, வச்சேன்."

மெக்கானிக் அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "நீங்களாண்ணே? முப்பது வருஷமா வண்டி ஓட்டுறீங்க…"

அப்பா சிரித்தார். ஒன்றும் தெரியாதவர் மாதிரி, திட்டு வாங்கிக்கொள்ளும் சிரிப்பு. நான் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றேன்.

*

ஃப்ரீ பிளே என்பது பெடலின் முதல் ஓர் அங்குலம். விரலால் தள்ளினாலே போய்விடும், எந்த வேலையும் செய்யாது. இருபத்தைந்து மில்லிமீட்டர் சுமாருக்குச் சும்மா இருக்கும் இடம். அந்த இடைவெளி இருந்தால்தான் காலை எடுத்த பிறகு ரிலீஸ் பேரிங் விரல்களைத் தொடாமல் விலகி நிற்கும். நான் அந்த அங்குலத்தை வீண் என்று நினைத்து முறுக்கி எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து யாரும் மிதிக்காதபோதும் பேரிங் விரல்களை லேசாக அழுத்திக்கொண்டே இருந்தது. இரவும் பகலும் ஒரு கால் பெடல்மேல் இருந்த மாதிரி.

உடனே எதுவும் தெரியாது. சும்மா ஓடும்போது வண்டி நன்றாகவே போகும். பாரம் ஏறும்போதுதான் கொஞ்சம் வழுக்கும். வழுக்கினால் சூடாகும், லைனிங் தேயும். லைனிங் தேயத் தேய விரல்கள் பின்னால், பேரிங்கை நோக்கி வரும். பேரிங் இன்னும் அழுத்தும். பிடி இன்னும் தளரும். சரியாக வைத்த கிளட்ச்சிலும் தேய்மானத்தால் ஃப்ரீ பிளே குறைந்துகொண்டேதான் வரும். அதனால்தான் அவ்வப்போது நட்டைத் தளர்த்தி இடைவெளியைத் திரும்ப வைக்க வேண்டும். தளர்த்த வேண்டிய இடத்தில் நான் முறுக்கியிருந்தேன். பாடப்புத்தகத்தில் இது அரைப்பக்கம் இருக்கிறது. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன்.

கியர்பாக்ஸை இறக்கினார்கள். ஃபோர் வீல் என்பதால் முன்னும் பின்னும் இரண்டு புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் கழற்ற வேண்டும். லோ பெட்டியோடு சேர்த்து இறக்க மூன்று பேர் தேவைப்பட்டது. பிளேட் கையில் வந்தபோது லைனிங் ரிவிட் தலை வரைக்கும் தேய்ந்திருந்தது. ஃப்ளைவீல் முகத்தில் நீலத் திட்டுகள், மெல்லிய வெடிப்புக் கோடுகள், சூட்டில் வந்தவை. அதைப் பட்லகுண்டுக்குக் கொண்டுபோய் லேத்தில் கொடுத்து ஃபேசிங் செய்தோம். மதுரையிலிருந்து பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் பஸ்ஸில் போட்டுவிட்டார்கள். பழைய கியர்பாக்ஸ் தண்டை உள்ளே விட்டு பிளேட்டை நடுவாக நிறுத்தி போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக முறுக்கினார் மெக்கானிக் அண்ணன். வேலையும் சாமானும் சேர்ந்து 14,000 ரூபாய். நான் கொடுத்தேன். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, அதிலிருந்தே அவர் கையில் இல்லை என்பது தெரிந்தது.

கடைசி நாள் மெக்கானிக் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அண்ணே, அத டைட் வச்சது நான்தான்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "தெரியும் பாப்பா" என்றார். "உங்கப்பாவுக்கு வண்டிக்கடியில படுத்து எந்திரிக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா?"

*

அன்று ராத்திரி அடுப்படியில் அம்மா சொன்னாள். ஆகஸ்டிலிருந்தே வண்டியில் மெல்லிய கீச்சுச் சத்தம் வந்துகொண்டிருந்ததாம். விலகி நிற்க வேண்டிய பேரிங் ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்த சத்தம் அது. கிளட்ச் ரொம்ப மேலே பிடிக்கிறது, சரியில்லை என்று அப்பா அவளிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறார். "பின்ன ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ வாராவாரம் காலு எப்படி இருக்குன்னு கேக்குற. நல்லாருக்குன்னு சொன்னாத்தான் ஒனக்கு சந்தோஷம். அத மாத்தி வச்சா ஒன்னய கொற சொன்ன மாதிரி ஆயிருமாம். கிறுக்கு மனுசன்."

நான் திண்ணைக்குப் போனேன். அப்பா பீடி பிடித்துக்கொண்டிருந்தார். மஞ்சு வாசல் வரைக்கும் வந்திருந்தது.

"மெக்கானிக் அண்ணன்கிட்ட ஏன்ப்பா நீங்கதான்னு சொன்னீங்க?"

"காலு என்னுதுதானே."

"அந்தப் பாட்டிக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?"

அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டிய உள்ள உக்கார வச்சது நாந்தான். அதுவும் என்னுதுதான்" என்றார். சமாதானத்துக்காக அவர் அதைச் சொல்லவில்லை என்பது குரலில் தெரிந்தது. அந்த ராத்திரியை நாங்கள் இருவரும் இன்றுவரை எங்களுக்குள் பங்கு போட்டுத்தான் வைத்திருக்கிறோம். யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் பார்த்து முடியவில்லை.

முழங்காலுக்கு வழி மெக்கானிக் அண்ணன் சொன்னதுதான். வேலை முடிந்து அப்பாவை சீட்டில் உட்காரவைத்துப் பார்த்தவர், வீட்டிலிருந்து ஒரு பழைய கம்பளியை வாங்கி நான்காக மடித்து அவர் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அப்பா நாலு விரற்கடை முன்னால் வந்தார். பெடல் அடிவரை எட்டியது. அவ்வளவுதான். நான் ஆளைப் பார்க்காமல் பெடலைப் பார்த்திருந்தேன். அந்தக் கம்பளி இப்போது சீட்டோடு சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது.

ஒரு விதியும் கூடியிருக்கிறது. ராத்திரியில் இழுப்பதில்லை. பாட்டியோ, பச்சைக் குழந்தைக்காரியோ, யாராக இருந்தாலும் முதலில் ஆளை மேலே ஏற்றிவிட்டுத்தான் கயிறு. நான் ஊரில் இருந்தால் வண்டியை நான் ஓட்டுகிறேன். அப்பா கட்டையோடு கூட நடக்கிறார். அவர் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கத்தும்போது, பன்னிரண்டு வயதில் நான் அவரைப் பார்த்துக் கத்திய அதே சொற்கள்தான் வருகின்றன.

மாதத்துக்கு ஒருமுறை பெடலை விரலால் தள்ளி, அடிக்கோலால் அளந்து போனில் சொல்வார். "இருபத்தஞ்சு இருக்கு பாப்பா." "இந்த மாசம் இருபதுதான், தளர்த்தணும்." நான் போய்த் தளர்த்துவேன், அல்லது மெக்கானிக் அண்ணன் வருவார். உங்கள் வீட்டில் கையால் சரிசெய்கிற கிளட்ச் உள்ள பழைய வண்டி இருந்தால் நீங்களும் ஒருமுறை தள்ளிப் பாருங்கள். அந்த அங்குலம் இருக்கிறதா என்று பார்க்க ஸ்பேனர்கூட வேண்டாம்.

கால் எப்படி இருக்கிறது என்று வாராவாரம் கேட்பதை நிறுத்திவிட்டேன். ரொம்பக் கஷ்டமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் கேட்டுக்கொள்வேன், அப்பாவிடம் மழையைப் பற்றி, மலைப்பூண்டு விலையைப் பற்றிப் பேசுவேன். நாலைந்து மாதம் அப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேசி முடித்து வைக்கப்போகும்போது அவராகவே சொன்னார்.

"காலு வலிக்குதுதான் பாப்பா. மழை வந்தா ரொம்ப."

சரிப்பா என்றேன். அடுத்த வாரம் ஊருக்குப் போனேன். திங்கட்கிழமை காலை, அப்பா முன்னால் ஏறி உட்கார, இரண்டு பேருமாக டாக்டரைப் பார்க்கப் போனோம். ஜீப்பை நான்தான் ஓட்டினேன்.